சித்தப்பா வீட்டு டிசம்பர் பாட்டுகள்: பினாங்கு நாட்குறிப்பு

டிசம்பர் 20, சனி

கோலாலம்பூரில், கே.எல். சென்ட்ரலில் காலையில் ஏறிய இ.டி.எஸ். ரயில் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடி பட்டர்வொர்த்தில் இறக்கிவிட்டது. பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டதால் பெட்டி முழுக்கக் குடும்பங்கள். ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்புக்கல் மலைகளை விட்டால் ரயிலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஏசி மட்டும் தாங்க முடியவில்லை.

பினாங்குக்கு வந்தது ஊர் சுற்ற இல்லை. சித்தி வீட்டில் கிறிஸ்துமஸ். சித்தி பாளையங்கோட்டை, எண்பதுகளில் கல்யாணமாகி இங்கே வந்தவர். சித்தப்பா இந்தத் தீவிலேயே பிறந்து, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டிசம்பர் வந்துவிட்டால் அந்த வீட்டில் எந்த இடத்தில் எந்த நேரத்தில் எந்தப் பாட்டு ஒலிக்கவேண்டும் என்பதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அதைக் காதால் கேட்டு எழுதவேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. தினமும் ராத்திரி கொஞ்சம் எழுதிப் போடுகிறேன்.

கார்களையும் ஏற்றிக்கொண்டு வந்த பழைய பெரிய ஃபெர்ரிகள் இப்போது இல்லை. புதுப் படகுகளில் ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும்தான். ஆகவே சித்தப்பா அக்கரையில், ஜார்ஜ் டவுன் படகுத்துறையில் காத்திருந்தார்.

"வாம்மா, பசியாறிட்டியா?"

"ரயில்லயே பசியாறிட்டேன் சித்தப்பா."

"சரி, காடில உட்காரு. பாட்டு பாதியில நிக்குது."

காடி என்பது அவருடைய பழைய புரோட்டான் வீரா. அதில் கேசட் பிளேயர் இன்னும் வேலை செய்கிறது. உள்ளே இருந்தது 90 நிமிட கேசட், ஒரு பக்கத்துக்கு 45. அட்டையில் நீல பால்பாயிண்ட் பேனாவால் 'கிறிஸ்மஸ் 1' என்று எழுதியிருக்கிறது. 'கிறிஸ்மஸ் 2' எப்போதுமே இருந்ததில்லையாம். முதல் பக்கம் ஜிம் ரீவ்ஸ் என்ற அமெரிக்கப் பாடகர், மறுபக்கம் போனி எம் என்ற டிஸ்கோ குழு. டிசம்பர் முதல் தேதி இந்த கேசட் காருக்குள் போகும். வேறு எதுவும் அதன்பின் போடக்கூடாது. பேரங்காடிகள் நவம்பரிலேயே தொடங்கிவிடுவதைச் சொன்னேன். "அவனுங்களுக்கு யாவாரம்" என்று முடித்துவிட்டார்.

வீடு ஆயர் ஈத்தாமில், கெக் லோக் சி கோயில் கோபுரம் தெரிகிற ஒரு தாமானில் (குடியிருப்பில்) வரிசை வீடு. சமையலறை சித்தியின் ஆட்சி, அங்கே தமிழ்க் கீர்த்தனை. ஹால் பேரனுடையது, அங்கே ஒரு புளூடூத் ஸ்பீக்கர். தங்கை (சித்தியின் மகள்) சபைப் பாடகர் குழுவில் ஆல்ட்டோ, அதாவது பெண்குரலில் கீழ்க்குரல். அவள் குளியலறையில் ஆல்ட்டோ வரியை மட்டும் தனியாகப் பாடிப் பழகுகிறாள். மெட்டு இல்லாத அந்த வரியை மட்டும் கேட்டால் என்ன பாட்டு என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

டிசம்பர் 21, ஞாயிறு

சபை தமிழ் மெதடிஸ்ட். ஆராதனை முடிந்து எல்லாரும் கோப்பி குடிக்கப் போனபின் பாடகர் குழு மட்டும் தங்கி ஒத்திகை பார்த்தது. நானும் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டேன்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்கள், பள்ளி ஆசிரியைகள், ஒரு தாதி, கல்லூரிப் பையன்கள். பாஸ் (ஆண்களின் அடிக்குரல்) பாடும் பெரியவர் ஒருவர் கையில் அட்டை கிழிந்த நோட்டு. ஐந்து கோட்டு நொட்டேஷன் அவருக்கு வேண்டாம். டோ, ரே, மி என்பதை எழுத்துகளாகவே எழுதிவைத்திருக்கிறார். அந்த முறை மிஷனரிகள் போன இடமெல்லாம் போனது. பாளையங்கோட்டையில் என் தாத்தாவும் இப்படித்தான் எழுதினார் என்றேன். "அப்போ நீங்க நம்ம ஆளு" என்று பக்கத்து நாற்காலியைத் தட்டினார்.

இன்று திரும்பத் திரும்பப் பாடியது 'கேள் ஜென்மித்த ராயர்க்கே'. மெதடிஸ்ட் சபையில் இது சொந்த வீட்டுப் பாட்டு. மூல ஆங்கில வரிகள், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான சார்ல்ஸ் வெஸ்லி 1739-ல் வெளியிட்டவை. அவருடைய முதல் வரி இன்று உலகம் பாடுவது அல்ல; ஜார்ஜ் விட்ஃபீல்ட் 1753-ல் மாற்றிவைத்ததைத்தான் எல்லாரும் பாடுகிறார்கள். மெட்டின் கதை இன்னும் வேடிக்கை. ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சன் அதை 1840-ல் எழுதியது கிறிஸ்துமஸுக்கு இல்லை. லைப்சிக் நகரில் அச்சுக்கலையின் 400-ம் ஆண்டு விழாவுக்கு, கூட்டன்பர்கைப் புகழ்ந்து எழுதினார். இந்த மெட்டுக்கு வேறு வார்த்தை போடலாம், ஆனால் பக்திப் பாட்டுக்கு மட்டும் ஒத்துவராது என்று அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவர் இறந்தபின் 1855-ல் வில்லியம் கம்மிங்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர் வெஸ்லியின் வரிகளை அதில் பொருத்திவிட்டார். வெஸ்லிக்கு மெட்டு தெரியாது. மெண்டல்சனோ வேண்டாம் என்றவர். இரண்டு பேரையும் கேட்காமல் நடந்த கல்யாணம், இத்தனை வருஷமாக நன்றாகத்தான் ஓடுகிறது.

தரங்கம்பாடியில் 1700-களின் தொடக்கத்திலேயே தமிழ் அச்சு ஓடியது நினைவுக்கு வந்தது. அச்சு எந்திரத்துக்கு எழுதிய மெட்டை நாம் பாடுவதில் ஒரு நியாயம் இருக்கிறது.

குழுத் தலைவி கண்டிப்பானவர். டெனர்கள் (ஆண்களின் மேல்குரல்காரர்கள்) கடைசி வரியில் ஒவ்வொரு முறையும் அவசரப்பட்டார்கள். "தம்பி, பஸ்ஸ பிடிக்கப் போறீங்களா?" என்றார். அடுத்த முறை இன்னும் வேகம். சிரிப்பில் ஒத்திகை கலைந்துபோனது. பிறகு ஆளுக்கொரு கறிபஃப்.

டிசம்பர் 22, திங்கள்

காலையில் பஸ் ஏறி ஃபார்குவார் தெருவுக்குப் போனேன். இரண்டு பழைய கோயில்களும் அடுத்தடுத்து இருக்கின்றன.

முதலில் செயின்ட் ஜார்ஜ் ஆலயம். சென்னையில் கதீட்ரல் ரோட்டில் போய்வருகிறவர்களுக்கு இந்த வெள்ளைத் தூண்கள் பழகியவை மாதிரி இருக்கும். காரணம் உண்டு: கட்டியவர் ராபர்ட் ஸ்மித், கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவப் பொறியாளர், சென்னையில் 1815-ல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் ஆலயத்தின் சாயல் அவர் வரைபடத்தில் இருக்கிறது. வேலை செய்தவர்கள் கைதிகள். அந்தக் காலத்தில் பினாங்குக்கு இந்தியாவிலிருந்து கைதிகளை நாடுகடத்தி ரோடும் கட்டடமும் போட வைத்தார்கள். யார் யார் என்று சுவரில் எங்கும் பெயர் இல்லை. முதலில் கூரை தட்டையாக இருந்தது. மழைக்குத் தாங்காமல் 1864-ல் சாய்கூரை ஆனது. 1941 டிசம்பரில் ஜப்பானியக் குண்டுவீச்சில் அடிபட்டு, பிறகு உள்ளே இருந்ததெல்லாம் கொள்ளை போனது.

கட்டி முடித்த ஆண்டு 1818. அந்த எண்ணைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். அதே 1818-ல், டிசம்பர் 24 ராத்திரி, ஆஸ்திரியாவில் ஓபெர்ன்டோர்ஃப் என்ற ஆற்றங்கரை ஊரில் 'சைலன்ட் நைட்' முதன்முதலாகப் பாடப்பட்டது. வரிகள் யோசஃப் மோர் என்ற இளம் பாதிரியார் இரண்டு வருஷம் முன்பே எழுதியவை. மெட்டு பக்கத்து ஊர் பள்ளி ஆசிரியர் ஃப்ரான்ஸ் சாவேர் கிரூபர் போட்டது. பக்கவாத்தியம் ஒரு கித்தார். இங்கே கைதிகள் தூண்களுக்குச் சுண்ணாம்பு பூசிய வருஷத்தில் அங்கே இரண்டு பேர் ஒரு கித்தாரை வைத்துக்கொண்டு அதைப் பாடியிருக்கிறார்கள். ஆலயம் இடத்தை விட்டு நகரவில்லை. பாட்டு மட்டும் டிரோல் பகுதி நாடோடிப் பாடகர் குடும்பங்கள் வழியாக ஊர் ஊராகப் போய், என்றோ ஒருநாள் இந்தத் தூண்களுக்கு நடுவிலும் வந்து சேர்ந்திருக்கிறது.

அடுத்தது அசம்ப்ஷன் ஆலயம், அதாவது விண்ணேற்பு மாதா கோயில். 1786-ல், பினாங்கில் ஆங்கிலேயக் குடியேற்றத்தைத் தொடங்கிய ஃபிரான்சிஸ் லைட்டோடு கெடாவிலிருந்து வந்த யூரேசியக் கத்தோலிக்கர்கள், ஆகஸ்ட் மாதம் அந்தத் திருநாளுக்கு முந்தின நாள் கரையிறங்கியதால் இந்தப் பெயர். இப்போதுள்ள கட்டடம் 1860-களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. நான் பார்க்கவேண்டும் என்று வந்தது, நூறு வருஷத்தைத் தாண்டிய குழாய் ஆர்கனை. பூசை இல்லாத நேரம், ஆர்கன் வாசிக்க யாருமில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி.

பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்த தமிழ் அங்கிள் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். இளவயதில் பூசைக்குக் கித்தார் வாசித்தவராம். வெயில் நேரத்தில் ஆர்கனோடு கித்தார் சேரவே சேராது என்றார். விஷயம் பௌதிகம்தான். காற்று சூடானால் ஒலி வேகமாகப் போகும், குழாயின் சுருதி ஏறும். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ மூன்று சென்ட், அதாவது அரைச்சுரத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு. கித்தார் கம்பியோ சூட்டில் தளர்ந்து சுருதி இறங்கும். ஒன்று மேலே போகிறது, மற்றது கீழே வருகிறது. ஆர்கனைத் திருப்ப முடியாது, ஆகவே கித்தார்காரன்தான் ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் முறுக்கிக்கொண்டே இருக்கவேண்டும். "காலைப் பூசைக்கு ஒண்ணு, சாயங்காலப் பூசைக்கு ஒண்ணு, ரெண்டு சுருதிம்மா. கம்பி எத்தனை அறுத்தேன் தெரியுமா?" ஓபெர்ன்டோர்ஃப் கித்தாருக்கு அந்தக் கஷ்டம் இருந்திருக்காது.

திரும்பும்போது லிட்டில் இந்தியா வழியாக நடந்தேன். கேசட் கடைகள் இருந்த இடத்தில் பென்டிரைவ் விற்கிறார்கள். ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டுதான், கிறிஸ்துமஸ் அந்தத் தெருவுக்கு வந்ததாகத் தெரியவில்லை. தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) நன்றாக இருந்தது.

டிசம்பர் 23, செவ்வாய்

நாள் முழுக்க சமையலறை. முந்திரிக்கொத்துக்கு மாவு உருண்டை பிடிக்கிற வேலை எனக்கு. சித்தி அச்சுமுறுக்கு. இன்று மட்டும் சட்டத்தில் விலக்கு: கேக் அடுப்பில் இருக்கும் நேரத்தில் சமையலறையிலும் ஜிம் ரீவ்ஸ் பாடலாம். ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. சித்தி கல்யாணமாகி வந்த முதல் வருஷம் மாமியார் அப்படித்தான் செய்தாராம்.

ஜிம் ரீவ்ஸ் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அமெரிக்காவில் டெக்ஸஸ்காரர், கௌபாய் பாட்டுக்காரர். 1963-ல் ஒரு கிறிஸ்துமஸ் இசைத்தட்டு வெளியிட்டார். மறு வருஷம் ஜூலையில் நாஷ்வில் அருகே விமான விபத்தில் இறந்துபோனார். தமிழ்நாட்டில், இலங்கையில், இங்கே, கிறிஸ்தவ வீடுகளில் அவர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். நாகர்கோவிலில், மட்டக்களப்பில், ஆயர் ஈத்தாமில் ஒரே குரல். ஆரம்பத்தில் அவரும் உரக்கத்தான் பாடினார். ஐம்பதுகளின் பிற்பாதியில் மைக்குக்கு மிகப் பக்கத்தில் வந்து மெதுவாகப் பாட ஆரம்பித்தபின்தான் அந்தக் குரல் பிடிபட்டது. சின்ன ஸ்பீக்கரிலும் கெட்டுப்போகாத குரல். எண்ணெய் கொதிக்கிற சத்தத்துக்கு மேலேயும் போகாது, அடியிலும் புதையாது. அவர் நம் வீடுகளில் நிலைத்ததற்குப் பக்தியைவிட இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். "இவன் கத்தவே மாட்டாம்மா" என்பது சித்தப்பாவின் விமர்சனம்.

சித்தப்பா முதலில் இவரைக் கேட்டது ரெடிஃப்யூஷன் பெட்டியில். கம்பி வழியாக வீட்டுக்கு வரும் வானொலி, மாதச் சந்தா. நிலையத்தைத் தேடித் திருப்பும் வேலையே கிடையாது, அனுப்பியதைக் கேட்கவேண்டியதுதான். பக்கத்து வீட்டிலும் எதிர் வீட்டிலும் அதே நேரத்தில் அதே பாட்டு. தெருவில் நடந்துபோனால் ஒரு வரியும் விடுபடாதாம்.

கேசட்டில் இன்னொரு சங்கதி உண்டு. எண்பதுகளின் தொடக்கத்தில் ரேடியோ முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்தது அது. ஒரு பாட்டு முடியும் இடத்தில் அறிவிப்பாளர் இருமுகிறார். அந்த இருமல் வரும் இடத்தில் வீட்டில் எல்லாரும், அடுப்படியில் நிற்கிற சித்தி உட்பட, சேர்ந்து இருமுகிறார்கள். அந்தப் பாட்டை இருமல் இல்லாமல் கேட்டால் பேரனுக்கு என்னவோ குறைகிறதாம். அவனுக்குப் பதினோரு வயது. பாட்டுகளின் வரிசையும் அப்படித்தான். ஒன்று முடிந்ததும், அது கடையில் ஒலித்தாலும் சபையில் ஒலித்தாலும், கேசட்டில் அடுத்து வரும் பாட்டின் முதல் சுரத்தைத் தங்கை முனகிவிடுகிறாள். போனில் தாவித் தாவிக் கேட்கிறவர்களுக்கு இந்த வியாதி வராது.

இரவு பத்து மணிக்குக் கேரல் குழு வந்தது. இரண்டு வேன். கித்தார், தம்புரின், சிவப்புச் சட்டைத் தாத்தா. முகமூடிக்குள் வேர்த்துக் கொட்டியது பாவம். பாளையங்கோட்டையில் கேரல் ரவுண்ட்ஸ் விடிய விடியப் போகும், தாத்தா ஆடாவிட்டால் தெருவே விடாது. இங்கே அக்கம்பக்கத்தார் தூக்கத்தை நினைத்துச் சத்தம் குறைத்துக்கொள்கிறார்கள். இரண்டு தமிழ், ஒன்று ஆங்கிலம், இளைஞர்கள் மலாயில் ஒன்று. பிறகு ஜெபம், அச்சுமுறுக்கு, தாத்தா கையில் ஒரு உறை. எதிர்வீட்டுச் சீன அங்கிள் கைலியோடு வாசலில் நின்று முழுதும் கேட்டார். கடைசியில், "இன்னும் அந்த ஜிம் ரீவ்ஸ் பாட்டு பாடலியே" என்று மலாயில் குறைப்பட்டுக்கொண்டார்.

டிசம்பர் 24, புதன்

பேரனுக்குக் கர்னி பாரகனில் சட்டை மாற்றவேண்டியிருந்தது, நானும் போனேன். அந்தப் பேரங்காடி நடுவில் பழைய செயின்ட் ஜோசப் கட்டடம் நிற்கிறது. லசால் சகோதரர்கள் துறவுப் பயிற்சிக்குக் கட்டியது. இப்போது கீழே சாப்பாட்டுக் கடைகள். ஜெபமாலை உருட்டிய வராந்தாவில் கேப்புச்சினோ. சரி, கட்டடமாவது மிஞ்சியதே.

ஒலிபெருக்கியில் பனி, பனி, மறுபடி பனி. வெளியே 32 டிகிரி. பேரன் கேட்டான்: "பெரியம்மா, யாருமே பனி பார்த்ததில்ல, அப்புறம் ஏன் இந்தப் பாட்டு?"

பதில் அந்தப் பாட்டிலேயே இருக்கிறது. 'ஒயிட் கிறிஸ்மஸ்' எழுதிய இர்விங் பெர்லின் அதற்கு ஒரு தொடக்கப் பகுதி வைத்திருந்தார். பாடுகிறவர் கலிஃபோர்னியாவில், பெவர்லி ஹில்ஸில் உட்கார்ந்திருக்கிறார். வெயில் அடிக்கிறது, புல் பச்சை, பனைமரங்கள் அசைகின்றன, தேதி டிசம்பர் 24. அந்த வெக்கையில் உட்கார்ந்துதான் வடக்கின் பனியை நினைத்து ஏங்குகிறார். 1942-ல் பிங் கிராஸ்பியின் இசைத்தட்டு வந்தபோது அந்தப் பகுதி இல்லை, ஏக்கம் மட்டும் நின்றது. ஆகவே பனைமரம் இருக்கிற ஊரில் கேட்பதுதான் சரியான முறை. கர்னி கடற்கரையைக் காட்டிச் சொன்னேன். "அங்க பனை இல்ல பெரியம்மா" என்றான். 'ஜிங்கிள் பெல்ஸ்' பாட்டில் கிறிஸ்துமஸ் என்ற பேச்சே இல்லை, 1857-ல் பியர்பான்ட் என்பவர் குதிரைச் சறுக்குவண்டி ஓட்டத்தைப் பற்றி எழுதியது என்றதும்தான் நம்பாமல் போனை எடுத்துத் தேடினான். தேடிவிட்டு, "பள்ளிக்கூடத்துல டீச்சர்கிட்ட சொல்றேன்" என்றான்.

ஒன்று கவனித்தேன். பேரங்காடியில் அத்தனை பாட்டு ஓடியும் யாரும் கூடவே பாடவில்லை. காதில் விழுகிறது, அவ்வளவுதான். சித்தி வீட்டில் யாரும் உட்கார்ந்து பாட்டுக் கேட்பதே இல்லை. மாவு பிசைகிறார்கள், காடி ஓட்டுகிறார்கள், சட்டை தேய்க்கிறார்கள், ஆனால் ஒரு வரி விடாமல் கூடப் பாடுகிறார்கள். கை வேலையாக இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும் போலிருக்கிறது.

இரவு ஆராதனை. டெனர்கள் அவசரப்படவில்லை. விளக்கை அணைத்து மெழுகுவர்த்தி ஏந்திப் பாடியபோது ஒரு பாட்டி சத்தமாக வேறு சுருதியில் பாடினார். குழுத் தலைவி தலையை மட்டும் லேசாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, மொத்தக் குழுவையும் பாட்டியின் சுருதிக்கே இறக்கிவிட்டார். கீபோர்டுப் பையன் பதறிப்போய் ஒரு பொத்தானைத் தட்டினான். இந்தப் பயணத்தில் நான் பார்த்த மிக நல்ல இசைக் காரியம் அதுதான்.

டிசம்பர் 25, வியாழன். கிறிஸ்துமஸ்

விடியற்காலை நாலு மணிக்குச் சமையலறையில் வெளிச்சம். சித்தி குளித்துப் புதுச்சேலையில், தலையில் ஈரத் துண்டோடு, கோப்பி போட்டுக்கொண்டே பாடிக்கொண்டிருந்தார். பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரத்து மணி அடித்தால் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு இருட்டிலேயே கிளம்பிவிடவேண்டும். இங்கே சபை காலை எட்டரைக்குத்தான். பினாங்கில் டிசம்பரில் சூரியனே ஏழு மணிக்கு மேல்தான் வருகிறது. சித்தியின் உடம்பு இன்னும் பாளையங்கோட்டை நேரத்தில்தான் எழுந்துகொள்கிறது. எட்டரை வரைக்கும் இருக்கிற நேரத்தைக் கீர்த்தனையால் நிரப்புகிறார்.

"ஏட்டி, முழிச்சிட்டியா? வா, பல்லவிய நீ எடு."

பாடியது வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனை. அவர் 1774-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய், இளவரசர் சரபோஜியோடு சேர்த்துப் படிக்கவைத்தார். 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதியவர். குறி சொல்ல வரும் குறத்தியை இயேசு பிறந்த ஊர்க் கதைக்குக் கொண்டுவந்துவிட்ட ஆள். அவர் பாட்டுகளுக்கு நாலு குரல் வேண்டாம், ஆர்கன் வேண்டாம்; தாளம் போட ஒரு தொடை போதும். சித்தி கரண்டியால் மேடையைத் தட்டினார். சரணத்தில் இரண்டு வரி எனக்கு மறந்துபோயிருந்தது, சித்திக்கு ஒன்றும் மறக்கவில்லை. இங்கே வந்து நாற்பது வருஷம் ஆகப்போகிறது, சபையில் இந்தப் பாட்டுகள் அபூர்வம், வீட்டில் துணைக்குப் பாட ஆள் கிடையாது. எப்படி மறக்கவில்லை என்று கேட்டேன். "வருஷா வருஷம் நாலு மணிக்கு எழும்புறேனே" என்றார்.

தங்கையும் சிறுவயதில் இதைக் கேட்டிருக்கிறாள், ஆனால் தூக்கத்தில். அரைத் தூக்கத்தில் கேட்டதால் மெட்டெல்லாம் தெரியும், வார்த்தை ஒன்றும் தெரியாது. இன்று ஐந்து மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து கதவில் சாய்ந்து அந்த மெட்டுக்கு ஆல்ட்டோ போட்டாள். கீர்த்தனைக்கு ஆல்ட்டோ! சித்தி முறைத்தார், ஆனால் நிறுத்தவில்லை.

மதியத்திலிருந்து வீடு திறந்த வீடு, யார் வேண்டுமானாலும் வந்து சாப்பிடலாம். சித்தி இந்த ஒருநாள் சமைப்பதில்லை. மலாய்க்காரர்களும் தயங்காமல் சாப்பிடவேண்டும் என்று பிரியாணி தெரிந்த தமிழ் முஸ்லிம் கடையிலிருந்து வருகிறது. பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) ரெண்டாங் என்ற கறி கொண்டுவந்தார். பின்தெரு இந்துக் குடும்பம் தீபாவளிக்கு நாம் கொடுத்த டப்பாவைத் திருப்பி நிறைத்துக் கொண்டுவந்தது.

சாயங்காலம் கரவோக்கே. போனி எம் முறை. 1978-ல் இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் வாரம் முதலிடம் பிடித்த 'மேரீஸ் பாய் சைல்ட்' அவர்கள் கையில் டிஸ்கோவாகிவிட்டது. அதற்கு இருபது வருஷம் முன் ஹாரி பெலஃபான்ட்டே அதை நிதானமாகப் பாடியிருந்தார். போனி எம் மேடையில் ஆடியவர்கள் நாலு பேரும் கரீபியத் தீவுக்காரர்கள், பின்னால் இருந்து எல்லாம் செய்தவர் ஃபிராங்க் ஃபாரியன் என்ற ஜெர்மானியர். இசைத்தட்டில் வரும் ஆண்குரலே அவருடையதுதான். மேடையில் ஆடிய பாபி ஃபாரல் வாயசைத்தார். இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். நாற்பது வருஷமாக ஃபாரல் மாதிரி ஆடிவருகிறவர். "அதனால என்ன? ஆடினது அவன்தானே!" என்று எழுந்து ஆடிக் காட்டினார். முட்டி பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பிறகு ஜிம் ரீவ்ஸ். சீன அங்கிள் மைக்கை வாங்கிக்கொண்டார். குரல் ரொம்ப நன்றாக இருந்தது. பாட்டு முடிந்ததும் ஒரு நொடி நிறுத்தி, மைக்கிலேயே இருமினார். சுவருக்கு அந்தப் பக்கம் முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் மனுஷன். மக்சிக் சிரித்ததில் ரெண்டாங் தட்டு கவிழப் பார்த்தது.

டிசம்பர் 26, வெள்ளி

காலையில் ரேடியோ பழையபடி சினிமாப் பாட்டுக்குத் திரும்பிவிட்டது. பேரங்காடிகளில் சீனப் புத்தாண்டுச் சிவப்பு ஏறத் தொடங்கியிருக்கும் என்று தங்கை சொன்னாள்.

கேசட்டைக் கணினிக்கு மாற்றும் வேலையில் பேரனும் நானும் உட்கார்ந்தோம். ரிப்பன் தேய்ந்துவருகிறது, இன்னும் எத்தனை டிசம்பர் தாங்கும் என்று தெரியாது. குறுக்குவழி எதுவும் இல்லை. பழைய பிளேயரிலிருந்து ஒரு வயர் போட்டு, பக்கத்துக்கு 45 நிமிடம் ஓடவிட்டுக் காத்திருக்கவேண்டும். பாட்டுப் பாட்டாக வெட்டித் தனித்தனிக் கோப்பாக்கலாமா என்றேன். சித்தப்பா கூடாது என்றார். ஒரு பக்கம் ஒரு கோப்பு. நடுவில் தாவ முடியாதபடி. பேரன் கொஞ்சம் முனகிவிட்டு ஒத்துக்கொண்டான், தலைப்பாக 'கிறிஸ்மஸ் 1' என்றே அடித்தான்.

இப்போது வீட்டில் நடக்கும் சண்டை வேறு: எதுவரை போடலாம்? சித்தப்பா கட்சி ஜனவரி 6. பன்னிரண்டு நாள் கணக்கு, கீழ்த்திசை ஞானிகள் வந்து சேரும்வரை கிறிஸ்துமஸ் முடியாது. சித்தி கட்சி டிசம்பர் 31. அன்றிரவு வாட்ச் நைட் ஆராதனை, அதன்பின் புத்தாண்டுப் பாட்டுதான், பெத்லகேமைக் கட்டி உள்ளே வைத்துவிடவேண்டும். தங்கை, கேக் தீரும்வரை என்கிறாள். கேக் இன்னும் இரண்டு டின் இருக்கிறது.

நான் ஞாயிற்றுக்கிழமை கே.எல். திரும்புகிறேன். ஒன்றாம் தேதி போன் பண்ணி, பின்னால் என்ன ஓடுகிறது என்று கேட்டு, யார் ஜெயித்தது என்பதைக் கீழே ஒரு வரியில் சேர்த்துவிடுகிறேன். என் பணம் சித்தி மேல்.